ஓர் எழுத்து மாறினால்

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதி ஆசிரியையிடம் குட்டு வாங்கியவள் நான். பிறகு இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாய்மொழியில் படித்தேன். ஆகவே, இக்கட்டுரையின் கலைச்சொற்களில் குறை இருப்பின் பொறுத்தருள்க. என் பெரியம்மாவுக்காக இதைத் தமிழில் எழுதியே ஆகவேண்டும்.

அவருக்கு வந்தது ஈஸ்ட்ரோஜனால் வளரும் மார்பகப் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு இவ்வகைதான். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான்கு ஆண்டுகள் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட்டார். நோய் முதுகெலும்பில் மீண்டும் தலைகாட்டியதும், “மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்கமாட்டார்” என்று மாமா உட்பட எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்து வைத்தவர் அவர்! சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது: இ.எஸ்.ஆர்.1 என்னும் மரபணுவில் மாற்றம்.

ஈஸ்ட்ரோஜன், உயிரணுவிலுள்ள ஏற்பிப் புரதத்தோடு இணைந்தால்தான் ‘வளர்’ என்னும் கட்டளை பிறக்கும். மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாக அரோமடேஸ் என்னும் நொதி வேண்டும். லெட்ரோசோல் அந்த நொதியை முடக்குகிறது. ஏற்பியைக் கட்டும் மரபணுவே இ.எஸ்.ஆர்.1. ஏற்பியில் 595 அமினோ அமிலங்கள் உள்ளன. மரபணுவில் ‘ஏ’ இருக்கவேண்டிய ஓரிடத்தில் ‘சி’ வந்துவிட்டால், 537ஆம் அமினோ அமிலமான டைரோசினுக்குப் பதில் செரின் அமர்கிறது. அவ்வளவுதான். வாசல் மணியின் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டதுபோல், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே ஏற்பி கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். மருந்தினால் பட்டினி கிடக்கும் மற்ற உயிரணுக்கள் ஒடுங்க, இம்மாற்றம் பெற்றவை பெருகுகின்றன. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவரிடமும் இது நிகழும். எலிகளில் நடந்த சோதனைகளில் இவ்வகை உயிரணுக்கள் பிற உறுப்புகளுக்குப் பரவுவதிலும் முந்தின.

இதே 537ஆம் இடத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் 1997இலேயே, பரவிய கட்டியொன்றில் காணப்பட்டது. ஆயினும் 2013 வரை அதற்குப் பெரிய கவனம் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதற்கட்டியையே ஆராய்ந்தனர். அதில் இது 1 விழுக்காடு அளவே. அரோமடேஸைத் தடுக்கும் மருந்துக்குப் பின் பரவிய நோயிலோ 20 முதல் 40 விழுக்காடு வரை! மீண்டும் வந்த நோயைப் பழைய அறிக்கையை வைத்து எடைபோட்டால் இது எப்படித் தெரியும்? இன்று இரத்தத்தில் கலந்துள்ள கட்டியின் டி.என்.ஏ.விலிருந்தே கண்டறியலாம். ஏற்பியையே சிதைக்கும் எலசெஸ்ட்ரான்ட் மாத்திரைக்கு, இம்மாற்றம் உள்ளவர்களுக்கென்று, 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

பெரியம்மா இப்போது ஏற்பியைச் சிதைக்கும் இன்னொரு மருந்தான ஃபுல்வெஸ்ட்ரான்ட் ஊசியை மாதந்தோறும் போட்டுக்கொள்கிறார். அறிக்கையை நான் தமிழில் விளக்கி முடித்ததும் உள்ளே போய், நான்கு ஆண்டு நாள்காட்டிகளையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“இத உன் மாமாகிட்ட காட்டு” என்றார்.