வலைநிரலில் கட்டுப்படுத்தியின் கடமை

முன்னுரை

பொருள்நோக்கு நிரலாக்கம் பயின்று வலைத்தள நிரல்களை எழுதப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொல் ‘கன்ட்ரோலர்’ என்பதாகும். இதனைத் தமிழில் ‘கட்டுப்படுத்தி’ என வழங்குவர். பெயரைக் கேட்டவுடன், எல்லா வேலைகளையும் தானே செய்து முடிக்கும் தலைமைக் கூறு இது என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்தாது. வினையைத் தானே செய்யாமல், செய்யத்தக்க கூற்றிடம் சேர்ப்பதே கட்டுப்படுத்தியின் கடமை. அதனை ஈண்டுக் காண்போம்.

தோற்றம்

நார்வே நாட்டுக் கணிப்பொறி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்கௌக் 1978-79இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஸ்மால்டாக் மொழியில் பணியாற்றிய அவர், நிரலை மூன்று கூறுகளாகப் பகுக்கும் முறையை அங்கு வகுத்தார். தரவையும் அதற்குரிய விதிகளையும் தாங்குவது மாடல். அதனைத் திரையில் புலப்படுத்துவது காட்சி. பயனரின் உள்ளீட்டை ஏற்று உரிய இடத்தில் சேர்ப்பது கட்டுப்படுத்தி.

வைய விரிவு வலை தோன்றாத காலம் அது. ஆகவே அன்றைய கட்டுப்படுத்தி விசைப்பலகையையும் சுட்டியையும் நோக்கியிருந்தது. பின்னாளில் ஜாவா மொழியில் ஸ்ட்ரட்ஸ், ரூபி மொழியில் 2004இல் வெளிவந்த ரெயில்ஸ், பி.எச்.பி. மொழியில் 2011இல் வெளிவந்த லாராவெல் ஆகிய நிரல் சட்டகங்கள் இப்பகுப்பை வலைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டன. இன்றைய கட்டுப்படுத்தி உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை எதிர்நோக்கி நிற்கிறது.

வேண்டுகோள் செல்லும் வழி

ஒவ்வொரு வேண்டுகோளிலும் ஒரு முகவரியும் ஒரு வினைச்சொல்லும் உண்டு. கெட், போஸ்ட், டெலீட் முதலிய அவ்வினைகள் நம் இலக்கணத்தார் கூறும் ஏவலை ஒத்தவை. ‘தருக’ என்பது கெட். ‘ஏற்றுக்கொள்க’ என்பது போஸ்ட். ‘நீக்குக’ என்பது டெலீட். ரூட்டர் எனப்படும் பகுதி முகவரியையும் ஏவலையும் ஒப்புநோக்கி, எந்தக் கட்டுப்படுத்தி இனக்குழுவின் எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்று முடிவு செய்கிறது.

அழைக்கப்பட்ட செயற்கூறு மூன்று பணிகளைச் செய்யும். வேண்டுகோளிலுள்ள மதிப்புகளைப் பிரித்தெடுக்கும், மாடலிடம் ஒப்படைக்கும், கிடைத்த முடிவுக்கேற்ற காட்சியைத் தேர்ந்தெடுக்கும். தரவை மாற்றும் போஸ்ட் வேண்டுகோள் நிறைவேறிய பின், பக்கத்தை நேரே காட்டாமல் உலாவியை வேறு முகவரிக்குத் திருப்பி விடுவது நன்று. பயனர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் அதே செயல் இருமுறை நிகழாமல் இது காக்கும்.

ரெயில்ஸில் வேண்டுகோள்தோறும் கட்டுப்படுத்திப் பொருள் புதிதாகத் தோன்றி, விடை சென்றதும் மறைகிறது. ஜாவாவின் ஸ்பிரிங் சட்டகத்திலோ, வேறு விதமாகக் குறிப்பிடாவிடில், ஒரே பொருளே எல்லா வேண்டுகோள்களுக்கும் பணிபுரிகிறது. ஆதலின் பயனரின் செய்தியைக் கட்டுப்படுத்தியின் உறுப்புகளில் சேமித்து வைத்தல் இரண்டிலும் தகாது. முன்னதில் அது மறைந்துபோகும். பின்னதில் ஒருவர் செய்தி மற்றொருவருக்குத் தெரிந்துவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரி நூலகத்தைக் கருதுவோம். ஒரு மாணவர் ஒரே நேரத்தில் மூன்று நூல்களுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்பது விதி. புதிதாகப் பயில்வோர் பலர் இவ்விதியைக் கட்டுப்படுத்தியின் ‘நூல் வழங்கு’ என்னும் செயற்கூற்றிலேயே எழுதிவிடுவர். நிரலும் செவ்வனே இயங்கும்.

சில காலம் கழித்துக் கைப்பேசிச் செயலி ஒன்று வேண்டப்படுகிறது. அதற்கென மற்றொரு கட்டுப்படுத்தி எழுதப்படுகிறது. பழைய விதியை அதில் எழுத எவரும் நினைக்கவில்லை. நான்காம் நூல் தடையின்றி வெளியேறுகிறது! ஒருவரும் வேண்டுமென்று விதியை மீறவில்லை. விதி ஒரு வாயிலில் மட்டுமே காவல் நின்றது. நூலின் இடத்தில் வங்கிப் பணத்தையோ, நோயாளிக்குத் தரும் மருந்தின் அளவையோ வைத்துப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும்.

அவ்விதியை மாடலிலுள்ள ‘மாணவர்’ என்னும் இனக்குழுவில் எழுதியிருந்தால், வேண்டுகோள் எவ்வாயில் வழியே வந்தாலும் அது காக்கப்பட்டிருக்கும். அதனைச் சரிபார்க்க உலாவியோ வலைவழங்கியோ தேவைப்படாது. எனினும் எல்லா விதிகளையும் ஒரே மாடலில் குவித்தலும் முறையன்று. பல மாடல்கள் சேர்ந்து முடிக்கும் வேலைகளுக்குத் தனி இனக்குழுக்களை அமைத்தல் வேண்டும்.

முடிவுரை

கட்டுப்படுத்தியில் ஒரு வரி எழுதும்பொழுது நம்மை நாமே ஒரு வினா வினவிக்கொள்ளலாம்: ‘வலையே இல்லையெனினும் இவ்வரி தேவைப்படுமா?’ தேவைப்படும் எனில் அதன் இடம் மாடல். தேவைப்படாது எனில் அது கட்டுப்படுத்தியிலேயே இருக்கலாம். நூலகத்தின் மூன்று நூல் விதி கணிப்பொறி வருமுன்னரே பதிவேட்டில் இருக்கத்தக்கது. முகவரியைத் திருப்பிவிடுதல் வலைக்கே உரியது. வினைக்கு உரியாரைத் தேர்ந்து ஒப்படைத்தலைத் திருக்குறள் ‘தெரிந்து வினையாடல்’ என்று தனி அதிகாரமாகவே வகுத்துள்ளது. நிரல் எழுதுவோரும் மனங்கொள்ள வேண்டிய நெறி அது.