ஏறும் குழந்தைக்கு ஏணியாவோம்

'எனக்குக் கணக்கு வராது' என்று ஏழு வயதுக் குழந்தை கூறுமானால், அது அக்குழந்தை தானே கண்டறிந்த முடிவாக இருப்பது அரிது. பெரியவர் ஒருவர் சலிப்பில் உதிர்த்த சொல் அதன் உள்ளத்தில் தங்கி, நாளடைவில் நம்பிக்கையாக இறுகிவிடுகிறது.

மதனப்பள்ளியில் 1895-ஆம் ஆண்டு பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, சிறுவயதில் மந்தபுத்தியுடையவர் என்று கருதப்பட்டார். வகுப்பில் அடியும் பட்டார். பின்னாளில் உலகெங்கும் மதிக்கப்பட்ட சிந்தனையாளரான அவர், ஒரு குழந்தையை மற்றொரு குழந்தையுடன் ஒப்பிடுவதை உறுதியாக மறுத்தார்.

ரிஷிவேலி காட்டிய வழி

அவரது கருத்துகளைத் தழுவி வளர்ந்த ரிஷிவேலிப் பள்ளி, மதனப்பள்ளிக்கு அருகில் உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதியின் சிற்றூர்களில், அப்பள்ளியின் கிராமக் கல்வி மையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து சிறு பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. அங்கே பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் பயில்கின்றனர். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, 'கற்றல் ஏணி'யாகச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் உரிய அட்டைகள் உண்டு: அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு என அவை அமைந்துள்ளன. மதிப்பீட்டில் தடுமாறும் குழந்தைக்குக் கிடைப்பது வசையன்று. குறைதீர் பயிற்சிக்கான மற்றோர் அட்டை. அறுவடைக் காலத்தில் சில நாட்கள் வராத சிறுமியும், திரும்பி வந்ததும் தான் விட்ட படியிலிருந்தே தொடரலாம். 'தோல்வி' என்ற சொல்லின் இடத்தில் 'அடுத்த படி' என்ற எண்ணம் அமர்கிறது.

இம்முறையின் அடிப்படையில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பட்டு, பின்னர் தமிழகம் முழுவதும் பரவியது.

எதைப் பாராட்டுவது?

அமெரிக்க உளவியலாளர்களான கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட குழந்தைகள், கடினமான வினாக்களில் தடுமாறியபின் ஊக்கம் குன்றினர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாது தொடர்ந்தனர். எனினும், அறிவுரையால் மட்டும் விளையும் பயன் சிறிதே என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. 'முயன்றால் முடியும்' என்று கூறிவிட்டு, முயல்வதற்கான வழியைக் காட்டாவிட்டால், தோல்விக்கான பழியும் குழந்தையின் தலையிலேயே விழும். ஆகவே, ஊக்கமொழியோடு ஏணியும் வேண்டும்.

திருப்பதியில் அலிபிரியிலிருந்து மலையேறும் அடியார்கள், ஏறத்தாழ 3,550 படிகளைக் கடக்கின்றனர். இளைஞர் விரைந்து ஏறுகின்றனர். முதியோர் அமர்ந்து இளைப்பாறி ஏறுகின்றனர். அமர்ந்தவரை 'ஏறத் தகுதியற்றவர்' என்று எவரும் கூறுவதில்லை. கல்விக்கு மட்டும் ஏன் வேறு நியதி?

இன்று மாலை குழந்தை தவறான விடையோடு வரும்போது, 'ஏன் தவறினாய்?' என்று கடியாமல், 'எந்தப் படிவரை புரிந்தது?' என்று அன்புடன் கேட்போமாக. அந்தப் படியில் அதனுடன் சற்றே அமர்வதே பெற்றோரின், ஆசிரியரின் முதற்கடமை.