மணல்மேட்டில் வண்டி: நான்கு நம்பிக்கைகள்

சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் வளைகுடாவில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. லீவு நாளில் சார்ஜாவின் பதாயர் மணல்மேட்டில் குடும்பத்தோடு பக்கி என்னும் கம்பிக்கூண்டு மணல் வண்டியை ஓட்டிய வீடியோ வாட்ஸ்அப்பில் வரும். உடனே ஊரில் இருப்பவர்களுக்கும் ஜீப்பைச் சாமியார்பேட்டைக் கடற்கரை மணலில் இறக்கிப் பார்க்க ஆசை வருகிறது. கூடவே சில தப்பான நம்பிக்கைகளும் வருகின்றன.

"மணல் மிருது, கவிழ்ந்தாலும் அடிபடாது."

மணல் மிருதுதான். ஆனால் மேலே விழுவது அரை டன்னுக்கு மேல் கனக்கும் வண்டி. சாயும்போது நம்மையறியாமல் கை வெளியே நீளும். கம்பிக்கூண்டுக்கும் தரைக்கும் நடுவில் அந்தக் கைதான் நசுங்கும். அதனால்தான் பெல்ட், ஹெல்மெட், பக்கவலை மூன்றையும் கட்டாயம் என்கிறார்கள். முதுகு சீட்டில் சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் வண்டியின் தரையில் முழுதாகப் பதியாத பிள்ளையை ஏற்றவே கூடாது. மடியில் வைத்துக்கொள்வது அதைவிட ஆபத்து. மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சரிவில் குறுக்கே போனால் வண்டி உருளும். காற்றடிக்கும் பக்கம் மேடு சாய்வாக இருக்கும், மறுபக்கம் செங்குத்தாக விழும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேகமாகத் தாண்டுவது பெரிய தவறு.

"நாலு சக்கரமும் இழுத்தால் புதையாது."

இழுக்கும் சக்தியைவிட டயர் காற்றுதான் முக்கியம். ஜீப் டயரில் காற்றை 15–18 பவுண்டுக்குக் குறைத்தால் டயர் அகலமாகப் பதியும். சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் குழி பறிக்கும். மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். தார் ரோட்டுக்கு வருமுன் காற்றை நிரப்புங்கள்.

"அலையோரம் ஈர மணல் கெட்டி."

அடுத்த அலை வரும்வரைதான். டயருக்கு அடியில் இருக்கும் மணலைத் தண்ணீர் அரித்துவிடும்.

"கடற்கரை மேடு சும்மா கிடக்கிற இடம்தானே."

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தப் பேச்சுதான். நம் கரை மேட்டை அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கின்றன. டயர் அந்தக் கொடியை அறுத்தால் மேடு காற்றோடு போகும். மேடு போனால் அலைக்கும் குப்பத்துக்கும் நடுவில் தடுப்பு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியை அனுபவித்த கரை இது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இங்கே ஏறி, ஒன்றரை அடி ஆழத்தில் சுமார் நூறு முட்டை இட்டுப் போகின்றன. சக்கரம் ஏறினால் மேல் மணல் இறுகிவிடும். பொரிந்த குஞ்சு வெளியே வந்தாலும் டயர் தடத்தில் விழுந்து கடலை எட்டாது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் வைத்திருக்கிறது.

பதாயருக்குப் போனால் பெல்ட் போட்டு ஓட்டுங்கள். சாமியார்பேட்டைக்குப் போனால் தார் ரோடு முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போங்கள்.