வாரண்டி முடிய 340 கிலோமீட்டர்

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

கிளட்ச் பாடம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். படம் வரைந்து பாகம் குறி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு ரூபாய்க் கணக்கும் உண்டு என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. பழைய கார் வாங்கியவர், வாரண்டி முடியப் போகிற நேரத்தில் ரிப்பேர் செலவை எதிர்த்துப் பேச வேண்டி வந்தால் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

முதலில் வாரண்டித் தாள். "இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அதுவரை" என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் தேதியைப் பார்ப்பார்களே தவிர மீட்டரைப் பார்ப்பதில்லை. அடுத்து, இன்ஜின், கியர்பாக்ஸ் பாகங்கள் உண்டு என்றும், கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, டயர், பேட்டரி போன்ற தேய்மானப் பொருட்கள் கிடையாது என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். சண்டை முழுவதும் அந்தச் சின்ன எழுத்தில்தான்.

என் தாய்மாமா மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்பவர். கிணற்று மோட்டார்களுக்காக ஊர் ஊராகப் போய்வர, பழைய டீசல் கார் ஒன்றைப் பாதிக்கு மேல் கடனில் வாங்கினார். வாரண்டி 6 மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே பேங்க் நோட்டீஸ் முதல் மருந்துச் சீட்டு வரை இங்கிலீஷ் தாள் எதுவானாலும் என் கைக்கு வந்துவிடும். இதுவும் வந்தது.

"மாப்ள, மேடு ஏறினா இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பட்டறையில 15,812 ரூபாய் எஸ்டிமேட் போட்டுட்டாங்க. வாரண்டியில வராதாம்."

பார்த்தேன். கிளட்ச் செட் 8,900, லேபர் 4,500, மீதி ஜி.எஸ்.டி. தேதிப்படி இன்னும் 11 நாள் பாக்கி. மீட்டர்படி ஓடியது 7,160, அதாவது பாக்கி 340 கிலோமீட்டர். மாமாவுக்கு அது இரண்டு நாள் ஓட்டம். "வண்டியை இனி எடுக்காதீங்க மாமா" என்றேன்.

கிளட்ச் நழுவுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, கிளட்ச் பெடலை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். எங்கள் வண்டி அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. (இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், இருக்கிற பிளேட்டும் கருகும்.) ஆனால் நழுவுகிறது என்பது வியாதியின் பெயர் அல்ல, அறிகுறி. பிளேட் தேய்ந்தாலும் நழுவும், பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் நழுவும். வண்டி நின்ற இடத்தில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தரையில் எண்ணெய்ப் பொட்டு இருந்தது.

மறுநாள் பட்டறையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஜாப் கார்டில் தேதி, மீட்டர் அளவு, "கிளட்ச் நழுவுகிறது, பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய் கசிவு" என்று நாங்கள் சொன்னபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு நகல் தர வேண்டும். புகார் பதிவான தேதி வாரண்டிக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். உதிரிபாகம் வந்து வேலை முடிய நாளானால் அது நம் குற்றம் அல்ல. இரண்டாவதாக, எங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும், பழைய பாகம் எங்களுக்கு வேண்டும் என்றோம். மேனேஜர் முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை.

கியர்பாக்ஸ் இறங்கியது. தேய்ந்த பிளேட்டில் லைனிங் ரிவெட் தலை வரைக்கும் வந்திருக்கும். பல வண்டிகளில் ரிவெட் ஆழம் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வந்தால்தான் மாற்றச் சொல்வார்கள். சரியான எல்லை அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முதல் வருட லேபில் பிடித்த வெர்னியரின் டெப்த் ராடை வைத்து அளந்தேன். 1.1 மில்லிமீட்டர். லைனிங் ஈரமாக, கண்ணாடி போல் பளபளத்தது. அந்த எண்ணெய் கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். இதில் அந்த வாடை இல்லை, கறுப்பான டீசல் இன்ஜின் ஆயில். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்திருக்கிறது! சீல் இன்ஜின் பாகம். வாரண்டியில் உண்டு.

"சரி தம்பி, சீல் நாங்க போட்டுத் தர்றோம். கிளட்ச் செட்டும் லேபரும் உங்களுது" என்றார் மேனேஜர்.

இங்கேதான் நம் பாடம் கை கொடுத்தது. சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அப்படியானால் இறக்கி ஏற்றும் கூலி சீலோடு சேர்ந்தது, கிளட்ச் கணக்கில் எப்படி வரும்? பிரஷர் பிளேட்டிலும் ஃபிளைவீலிலும் சூட்டினால் நீலம் பாய்ந்த தடம் இல்லை. சுத்தம் செய்தால் போதும், முழு செட் எதற்கு? அரை மணி நேரம் பேச்சு. முடிவில் பிளேட் மட்டும் 2,600, வரியோடு 3,068 ரூபாய். பிளேட் கெட்டதே சீலால்தான் என்றால் இதையும் அவர்கள்தான் ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு மட்டும் மேனேஜர் அசையவில்லை.

வேலை முடிந்த வண்டியைக் கூலி வரும்வரை பிடித்து வைக்க, 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. வண்டி நின்றால் மாமாவுக்கு அடுப்பு எரியாது. எனவே "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விடவில்லை" என்று பில்லின் இரண்டு நகலிலும் எழுதிக் கையெழுத்திட்டு மாமா பணம் கட்டினார். "மூவாயிரத்துக்கு இவ்வளவா, விடுடா" என்றார். மூவாயிரம் என்பது அவருக்கு மூன்று மோட்டார் கட்டும் கூலி. நான் விடுவதாக இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்தில் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கிய பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்குகிறது. மாமா அதில் அடங்குவார். நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். வண்டி விற்ற நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் போட்டாகிவிட்டது. பழைய பிளேட்டை பிளாஸ்டிக் கவரில் கட்டி, மேலே தேதி எழுதி, எங்கள் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்.