குழந்தைக்குப் பாலியல் தீங்கு என்ற ஐயமா? தெரிவிப்பது சட்டக் கடமை

ஏனாத்தூர் போன்ற சிற்றூர்களில் குழந்தையின் முகவாட்டத்தை வீட்டாருக்கு அடுத்தபடியாகக் கவனிப்பவர்கள் ஆசிரியர், அங்கன்வாடி பணியாளர், கிராம சுகாதார செவிலியர். அவர்கள் மனதில் வைக்க வேண்டியவை:

● பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19. இது எல்லோருக்கும் பொருந்தும். ஆதாரம் திரட்டுவது காவல் துறையின் வேலை.

● தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்காவிட்டால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

● நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது.

● குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள்.

● அவசர சிகிச்சை தர, மருத்துவர் எந்த ஆவணத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது.

● குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள்.

● ஊர்ப் பெரியவர்களின் சமரசப் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பள்ளி மாணவர்களுக்கு 14417.