இரு முனையும் ஒரே மொழி பேச வேண்டும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பண்டார் பாரு மாவட்டத்தில் உள்ள செர்டாங் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இன்று பிள்ளைகளின் பாடமும், வங்கிக் கணக்கும், அரசாங்க உதவிக்கான மனுவும் இணையத்தை நாடியே நிற்கின்றன. இந்நிலையில், சாதனத்தைப் புதுப்பித்த மறுநாளே இணைப்புக் கெட்டுவிடுமாயின், குடும்பம் படும் அல்லல் சிறிதன்று. இது ஏன் நேர்கிறது என்பதை முன்னாளைய மோடத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

நம் நாட்டில் மைமோஸ் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் ஜாரிங் இணையச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே மக்கள் இணையம் பெற்றனர். கணினியின் தகவலை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் கருவியே மோடம். எண்ணை அழைத்தவுடன் கேட்ட கீச்சொலி, வீட்டு மோடமும் சேவை நிலைய மோடமும் எந்த முறையில், எவ்வளவு வேகத்தில் பேசுவது என்று உடன்பாடு செய்துகொண்ட ஒலியாகும்.

1997-இல் வினாடிக்கு 56 கிலோபிட் வேகம் தரவல்ல இருவகை மோடங்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று எக்ஸ்2, மற்றொன்று கே56ஃபிளெக்ஸ். ஒன்றின் முறை மற்றொன்றுக்கு விளங்காது. இக்குழப்பத்தைத் தீர்க்க, 1998-இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வி.90 என்னும் பொதுத் தரத்தை வகுத்தது. பழைய மோடங்கள் பல, அவற்றினுள் பதிந்திருக்கும் ‘ஃபர்ம்வேர்’ என்னும் மென்பொருளை மாற்றிப் புதிய தரத்தைப் பெற்றன.

ஆனால், நினைவகம் சிறிதாயிருந்த மோடங்களில் ஒரு முறைக்கே இடமிருந்தது. வி.90 உள்ளே வந்ததும் கே56ஃபிளெக்ஸ் வெளியேறிற்று. சேவை நிலையமோ இன்னும் பழைய முறையிலேயே இருந்தால், இணைப்பு 33.6 கிலோபிட்டுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியது. சில கணினிகளில் மோடத்தை இயக்கும் மென்பொருளும் புதிய ஃபர்ம்வேருக்குப் பொருந்தவில்லை. பால் நிறுக்கும் இடத்தில் ஒருவர் கட்டியிலும் மற்றவர் கிலோவிலும் எழுதினால் கணக்கு எவ்வாறு ஒத்துவரும்? கோளாறு எந்த ஒருவரிடத்தும் இல்லை. இருவருக்கும் இடையில்தான் இருந்தது.

தொலைபேசி மோடத்தின் காலம் கடந்துவிட்டது. ஆயினும் பாடம் மாறவில்லை. ஆகவே, வீட்டு ரௌட்டரையோ கைப்பேசியையோ புதுப்பிக்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நன்று.

முதலாவது, புதிய பதிப்பு தங்கள் சாதனத்தின் மாதிரி எண்ணுக்கு உரியதா, சேவை நிறுவனம் அதனை ஏற்கிறதா என்று கேட்டறிய வேண்டும். இரண்டாவது, பழைய அமைப்பு விவரங்களையும் கடவுச்சொல்லையும் தாளில் குறித்துவைக்க வேண்டும். மூன்றாவது, ஃபர்ம்வேர் பதிவாகும்போது மின்சாரத்தை நிறுத்தலாகாது; நிறுத்தினால் சாதனம் பயனற்றுப் போகக்கூடும். நான்காவது, தேர்வு நாளிலோ மனுவுக்கான இறுதி நாளிலோ இப்பணியைத் தொடுதல் கூடாது.

மற்றொன்றையும் உணர வேண்டும். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்றது. 4ஜி அலையை ஏற்கும் உறுப்பு இல்லாத கைப்பேசிக்கு எந்த மென்பொருளும் அவ்வாற்றலை அளிக்க இயலாது. மென்பொருளால் தீரும் குறை எது, புதுக் கருவியால் மட்டுமே தீரும் குறை எது என்று பகுத்தறிந்தால், உழைத்துச் சேர்த்த பணமும் வீணாகாது. பிள்ளைகளின் படிப்பும் தடைப்படாது.