மோசல் கரையில் ஒரு சனி, ஞாயிறு

மோசல் பக்கம் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எத்தனை ஊர்?" என்றுதான். கொக்கெம், பெர்ன்காஸ்டல், ட்ரியர், நேரம் இருந்தால் எல்ட்ஸ் கோட்டை என்று பட்டியல் நீண்டால், "அப்போ திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிடுங்க" என்பேன். இரண்டு நாள் ஓய்வுக்கு ஒரு ஊர் போதும். அதிலும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை மூன்றுதான்: தங்கும் அறை, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசை, ஞாயிறு திரும்பி வரும் வழி. இந்த மூன்றையும் கறாராக முடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

மோசல் அவசரக்காரர்களுக்கான ஆறும் இல்லை. பிரான்சின் வோஷ் மலையில் பிறந்து, லக்ஸம்பர்க் எல்லையைத் தொட்டு, ஏறக்குறைய 545 கி.மீ. ஓடி, கோப்ளென்ஸில் ரைனோடு சேர்கிறது. ஜெர்மனிக்குள் அது நேராக ஓடும் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெர்ன்காஸ்டலிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக் போக மலையைத் தாண்டி நடந்தால் ஏழு கி.மீ. அளவுதான், ஆற்றோடு போனால் இருபதுக்கும் மேல். காரில் ஒரே நாளில் ஐந்து ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பாதி நாளை வளைவுகளிலேயே செலவழித்துவிடுவார்கள். கப்பல் போக்குவரத்துக்காகத் தடுப்பணைகளும் பூட்டு வாயில்களும் கட்டி 1964-இல் திறந்துவைத்த பிறகு தண்ணீரும் நிதானத்துக்கு வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து பார்த்தால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லவே கொஞ்ச நேரமாகும்.

நாங்கள் கொலோனில் இருக்கிறோம். எங்களுக்குப் பிடித்துப்போன ஊர் பெர்ன்காஸ்டல்-கூஸ். ஆற்றின் இரு கரையிலும் இருந்த இரண்டு ஊர்களை 1905-இல் ஒன்றாக்கினார்கள், நடுவில் பாலம். படங்களில் வருகிற மரச்சட்ட வீடுகளும் சந்தைச் சதுக்கமும் வலக்கரையில், பெர்ன்காஸ்டலில். பலரும் அங்கேதான் அறை தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் கூஸ் பக்கம் தங்குவதே மேல். தரை சமம், கூட்டம் குறைவு. தென்மேற்கு பார்த்த திராட்சைச் சரிவும், 1692-இல் எரிந்துபோன லாண்ட்ஸ்ஹுட் கோட்டையின் இடிபாடும் எதிர்க்கரையில் இருப்பதால் மாலை வெயில் அவற்றின் மேல் விழுவதை இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும். பெர்ன்காஸ்டலில் தங்கினால் அழகான ஊருக்குள் இருப்போம். கூஸில் தங்கினால் அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருப்போம். பாலத்தைக் கடக்க ஐந்து நிமிடம் போதும்.

அறைக்கு ஹோட்டலைவிடத் திராட்சைத் தோட்டக்காரர்களின் வீடுகளைப் பாருங்கள். மோசலில் பல தோட்டக்காரக் குடும்பங்கள் மாடியில் சில அறைகளை விருந்தினருக்கு விடுகின்றன. சுத்தமாக இருக்கும், காலைச் சாப்பாடு கிடைக்கும், கீழே நிலவறையில் அவர்களுடைய வைனே இருக்கும். ஆனால் வார இறுதியில் ஒரு இரவுக்கு மட்டும் தரப் பலர் தயங்குவார்கள். அதனால் வெள்ளி மாலையே போய்ச் சேர்வது போலத் திட்டமிட்டால் அறையும் சுலபமாகக் கிடைக்கும், சனிக்கிழமையும் முழுசாகக் கையில் இருக்கும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் படிக்கட்டைப் பற்றித் தனியாகக் கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது. படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். சிலர் கார்டு வாங்க மாட்டார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

எப்போது போகலாம்? மே, ஜூன் நல்லது. அக்டோபர் அதைவிட நல்லது: அறுவடை நடக்கும், இலைகள் மஞ்சளாகும். செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் ஊரில் பெரிய வைன் திருவிழா. கூட்டம் பிடிக்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஓய்வுக்குப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கவும். நவம்பருக்குப் பிறகு படகுகள் நின்றுவிடும், பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

காரை வீட்டிலேயே விட்டுப் போவதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஜெர்மனியில் காரோட்டிக்கு ரத்தத்தில் மதுவின் வரம்பு ஆயிரத்துக்கு 0.5, உரிமம் வாங்கிப் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பூஜ்யம். யாரோ ஒருவர் மட்டும் எல்லா மேசையிலும் தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருப்பது விடுமுறை ஆகாது. பெர்ன்காஸ்டலுக்கு இப்போது ரயில் கிடையாது. கோப்ளென்ஸ்-ட்ரியர் தடத்தில் விட்லிஷ் நிலையத்தில் இறங்கி 300-ஆம் எண் பேருந்து பிடிக்க வேண்டும். கொலோனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் அந்த நேரத்தில் பாதி பயணத்தின் நல்ல பாதி. கோப்ளென்ஸில் ஏறினால் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொக்கெம் வரை ஆறு கூடவே வரும். பிறகு நான்கு கி.மீ.க்கு மேல் நீளமுள்ள சுரங்கம். ஒரு பெரிய வளைவை ரயில் இப்படிக் குறுக்கே வெட்டிவிடுகிறது. புல்லாய் ஊரைத் தாண்டியதும் மேலே ரயிலும் கீழே சாலையுமாக ஒரு இரட்டை அடுக்குப் பாலம் வரும், 1878-இல் கட்டியது. உள்ளூர் ரயில், பேருந்துக்கெல்லாம் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். ஆற்றுப் படகுக்குச் செல்லாது.

ஊருக்குள் ஒரு கணக்கு உண்டு. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கைந்து வரை பெர்ன்காஸ்டல் சதுக்கம் ஆற்றுக் கப்பல்களில் வந்து இறங்குகிறவர்களுடையது. 1416-ஆம் வருடத்து ஸ்பிட்ஸ்ஹாய்ஷென் என்ற வீட்டின் முன்னால் படம் எடுக்க வரிசையே நிற்கும். அடிப்பாகம் ஒடுங்கி மேல்மாடி அகன்று நிற்கிற அந்த வீட்டையும், 1606-ஆம் வருடத்து நீரூற்றையும் காலை எட்டரைக்குப் போனால் ரொட்டிக்கடை வேன்காரரோடு மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். அல்லது மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

கூட்ட நேரத்தில் எங்கே இருப்பது? கூஸில், பாலத்தடியில், தூய நிக்கோலஸ் மருத்துவ இல்லத்தில். மருத்துவ இல்லம் என்று பெயரே தவிர, அது முதியோர் இல்லம். இந்த ஊரில் 1401-இல் பிறந்து, கர்தினாலாகவும் தத்துவ அறிஞராகவும் ஆன நிக்கோலஸ் 1458-இல் ஏற்படுத்திய அறக்கட்டளை. கிறிஸ்துவின் வயதுக்கு ஈடாக 33 முதியவர்களுக்கு இடம் என்று விதித்தார்: ஆறு பேர் மதகுருமார், ஆறு பேர் பிரபுக்கள், 21 பேர் சாமானியர். அவர்களுக்குச் சாப்பாடு போடத் திராட்சைத் தோட்டங்களையும் நிலங்களையும் எழுதிவைத்தார். இன்றைக்கும் அங்கே முதியவர்கள் வாழ்கிறார்கள், அறக்கட்டளை வைன் இன்றைக்கும் விற்பனையாகிறது. அவருடைய உடல் ரோமில். இதயத்தை மட்டும் இங்குள்ள சிற்றாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். நூலகத்தில் அவர் சேர்த்த கையெழுத்துச் சுவடிகள் முந்நூறு அளவில் இருக்கின்றன. அதைப் பார்க்க வழிகாட்டியோடு போகும் குழுவில் முன்பதிவு வேண்டும்.

மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியாரை அங்கே கூட்டிப்போனேன். வைன் ஊர் என்றதும் முகம் சுளித்தபடிதான் கிளம்பினார். உள்முற்றத்தில் உட்கார்ந்து கதையைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல கோயிலுக்கும் சத்திரத்துக்கும் நஞ்சை எழுதி வைக்கிற மாதிரிதானே?" என்றார்.

"ஆமாம் அத்தை. இங்கே அந்த நிலத்தில் திராட்சை."

"ஐநூறு வருஷத்துக்கும் மேலயா நிலம் கை மாறலையா? அதைச் சொல்லு முதல்ல." அவருடைய வியப்பு அதில்தான். தத்துவம், சுவடி எல்லாம் அதற்குப் பிறகு.

அதே வளாகத்தில் மோசல் வைனைப் பற்றிய அருங்காட்சியகமும், சுவைத்துப் பார்த்து வாங்குகிற நிலவறையும் இருக்கின்றன. ஆனாலும் முதல் சுவையை ஒரு தோட்டக்காரரிடமே வைத்துக்கொள்ளுங்கள். வைன் சுவைப்பதில் புதியவர்கள் செய்வது, ஒரே மதியத்தில் நான்கு இடங்களில் புகுந்து வெளிவருவது. மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப்போகும். ஒரு நாளைக்கு ஒரு தோட்டக்காரர் போதும். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் அவரும் நிதானமாக உட்கார்ந்து பேசுவார். அறுவடைச் சமயத்தில் அவர் சரிவில் இருப்பார், வீட்டுப் பாட்டியம்மா ஊற்றிக் கொடுப்பார், அதுவும் நல்லதே. ஐந்தாறு வகைகளை இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பு ஏறுவரிசையில் சுவைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விழுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. துப்புவதற்குக் குவளை வைத்திருப்பார்கள், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சுவைத்துவிட்டு ஓரிரு பாட்டிலாவது வாங்குவது மரியாதை.

இங்கே பெரும்பாலும் ரீஸ்லிங்தான். லேபிளில் உள்ள ஜெர்மன் சொற்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பற்றது. 'ஃபைன்ஹெர்ப்' என்றால் லேசான இனிப்பு. அதற்குச் சட்டப்படி அளவு எதுவும் இல்லாததால் ஆளுக்கு ஆள் மாறும். 'கபினெட்', 'ஷ்பேட்லேஸே' என்பவை பறித்தபோது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதைச் சொல்கின்றன. பாட்டிலில் இனிப்பு எவ்வளவு என்பதை அவை சொல்வதில்லை. இதற்கு ஒரு குறுக்குவழி, லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் மதுவின் சதவீதம். 8 என்றிருந்தால் சர்க்கரை முழுவதும் புளிக்காமல் மிச்சமிருக்கிறது, இனிக்கும். 12 என்றிருந்தால் பெரும்பாலும் இனிக்காது. நம் மிளகுக் கோழிக்கும் காரக் குழம்புக்கும் அந்த 8 சதவீத கபினெட் நன்றாகப் பொருந்தும். காரத்தை இனிப்பு அணைக்கும், எண்ணெயைப் புளிப்பு வெட்டும். பழைய ரீஸ்லிங்கில் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. அந்த வாசனையைத் தேடிப் போகிறவர்களே உண்டு.

ஊருக்கு மேலேயே மூன்று ஹெக்டேர் சொச்சத்தில் 'டாக்டர்' என்று ஒரு தோட்டம் இருக்கிறது. நோயில் கிடந்த ட்ரியர் பேராயர் ஒருவர் அந்த வைனைக் குடித்து எழுந்தார் என்று ஒரு கதை. கதைக்கும் சேர்த்தே விலை வைத்திருப்பார்கள். 10, 12 யூரோவுக்கே இங்கு நல்ல பாட்டில் கிடைக்கும். அதைக் குறைத்துக் கேட்கத் தோன்றினால் ஒருமுறை சரிவை அண்ணாந்து பாருங்கள். பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுகிற கரும்பலகைக் கல் அது; வைனுக்கு நல்லது, முதுகுக்கு நல்லதல்ல. பல இடங்களில் டிராக்டர் ஏறாது. தண்டவாளம் போட்ட சிறு வண்டியிலோ முதுகிலோதான் பழம் இறங்க வேண்டும். நீங்கள் ஏறுவதானாலும் பிடிமானமுள்ள காலணி போடுங்கள், மழையில் அந்தக் கல் வழுக்கும். அறுவடைக் காலத்தில் சில பாதைகளை மூடியிருப்பார்கள். கொத்தில் கை வைக்க வேண்டாம்.

சாப்பாட்டு மேசையை முன்பே பிடிக்கச் சொன்னேன். பல உணவகங்களில் இரவு எட்டரை, ஒன்பதுக்குச் சமையலறை மூடிவிடும். வாரத்தில் ஓரிரு நாள் கடையே இருக்காது. வாசலில் தழைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் உள்ளே போய்ப் பாருங்கள். அது தோட்டக்காரர் தன் வீட்டிலேயே நடத்தும் சிற்றுணவகம். வருடத்தில் நான்கு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது என்று சட்டம். ஊற்றுவது சொந்த வைன், சாப்பாடு எளிமையானது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃப்ளாம்கூஹனைப் பன்றி இறைச்சித் துண்டுகள் இல்லாமல் செய்துதரச் சொல்லலாம். மெல்லிய மாவில் புளிப்புக் கிரீமும் வெங்காயமும் தடவிச் சுட்டது. வெங்காயக் கேக்கில் இறைச்சி கலந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்கவும். குடிக்காதவர்களுக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு இருக்கும். அத்தை ஒரு வாரக் கடைசியில் அதைக் குடித்த அளவுக்கு நாங்கள் வைன் குடித்திருக்க மாட்டோம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும் என்பதால் பழம், ரொட்டி, மாத்திரை எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை மட்டும் வையுங்கள். கூஸிலிருந்து இடக்கரையோடு சமதரையில் வேலென் வரை நடக்கலாம், அல்லது வாடகை சைக்கிளில் போகலாம். எதிர்ச் சரிவில் 1842-இல் வைத்த பெரிய சூரியக் கடிகாரம் தெரியும், தோட்ட வேலையாட்களுக்கு நேரம் காட்ட வைத்தது. சைக்கிளுக்கும் போதை வரம்பு உண்டு என்பது நினைவிருக்கட்டும். இன்னொரு வழி, படகிலேயே ஊரை விட்டுக் கிளம்புவது. ட்ராபன்-ட்ரார்பாக் வரை இரண்டு மணி நேரம், நடுவில் செல்டிங்கனில் பூட்டு வாயிலுக்குள் படகு மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். ட்ராபன்-ட்ரார்பாக்கின் பழைய வைன் ஆலைக் கட்டடம் ஒன்றில் இப்போது புத்தர் அருங்காட்சியகம் நடக்கிறது. ரீஸ்லிங் கொடிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் புத்தர்கள்! அங்கிருந்து சிறு ரயிலில் புல்லாய், பிறகு பெரிய தடம். எங்களுக்கு இதுதான் பிடித்த திரும்பும் வழி. ஞாயிறு பேருந்துகள் குறைவு என்ற கவலையும் இதில் இல்லை. படகின் நேரத்தை மட்டும் முதல் நாளே துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாட்டில்களைச் சுமக்கிற கவலை வேண்டாம். ஆறு பாட்டில் பெட்டியாகச் சொன்னால் பெரும்பாலான தோட்டக்காரர்கள் ஜெர்மனிக்குள் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் விற்கும் ஃபெடர்வைஸர், அதாவது இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் புது வைனை மட்டும் பையில் படுக்க வைக்காதீர்கள். வாயு வெளியேறுவதற்காக மூடியை இறுக்கியிருக்க மாட்டார்கள், துணியெல்லாம் நனைந்துபோகும். அதை அங்கேயே குடித்துவிடுவது உத்தமம். இந்தியாவுக்கு எடுத்துப்போகிறவர்களுக்குத் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர், அதாவது 750 மி.லி. பாட்டிலில் இரண்டு. செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வைக்கவும். அத்தை தன் பங்குக்கு எடுத்துப்போனது மோசலின் செம்பீச்சு ஜாம், ஏழு குப்பி. விமான நிலையத்தில் எடை கூடியபோது வெளியே எடுத்தது எங்கள் வைனைத்தான்.